வீட்டுக்கு மூன்று விலை: பாகம் பிரிக்கும்போது எதை எடுப்பது?

பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளும் கூடி உட்காருகிறார்கள். வீட்டை அண்ணன் வைத்துக்கொள்ளட்டும், தங்கைகள் இருவருக்கும் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. "சரி, வீடு எவ்வளவு போகும்?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பத்திர ஆபீஸ் கணக்கு ஒரு தொகை சொல்கிறது. எதிர்த் தெரு மனை போன விலையை வைத்து புரோக்கர் இன்னொன்று சொல்கிறார். முன்பு கடனுக்காக வங்கி எடுத்த ரிப்போர்ட்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது.

மூன்றுமே சரியான கணக்காக இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்காகப் போட்டது. ஒரு வேலைக்குப் போட்ட கணக்கை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொள்வதால்தான் நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளில் பாதி மனக்கசப்பு வருகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மூன்று மதிப்புகள்

1. வழிகாட்டி மதிப்பு. இது பதிவுத்துறை தெருவாரியாக, சர்வே எண்வாரியாக நிர்ணயிப்பது. பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அளவுகோல், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2012-ல் இது பெரிய அளவில் திருத்தப்பட்டது. 2017 ஜூன் 9 முதல் ஒரேயடியாக 33% குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை மூலம் பழைய அளவுக்கே திருப்பப்பட்டது. அந்தச் சுற்றறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ரத்துசெய்ய, அதே ஆண்டு ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் வந்தன. 2017 ஜூன் 8 இரவில் இருந்த அதே வீடு, அதே தெரு, மறுநாள் காலை மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிட்டதா என்ன? வழிகாட்டி மதிப்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. டான்சி என்ற தமிழக அரசு நிறுவனத்தின் நில விற்பனை பற்றிய வழக்கில் 2003-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொன்னது: வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலைக்கான முடிவான ஆதாரமாகக் கொள்ள முடியாது.

2. சந்தை மதிப்பு. விற்றே தீரவேண்டிய நெருக்கடி இல்லாத விற்பவரும், வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லாத வாங்குபவரும், விவரம் எல்லாம் தெரிந்து, ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒத்துக்கொள்ளும் விலை. "குறிப்பிட்ட தேதியில்" என்பதை மறக்கக் கூடாது, அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

3. வங்கி மதிப்பு. கடன் திரும்பவில்லை என்றால் ஏலத்தில் எவ்வளவு தேறும் என்பதே வங்கியின் கவலை. அதனால் வங்கி ரிப்போர்ட்டில் சந்தை மதிப்புக்குக் கீழே 'கட்டாய விற்பனை மதிப்பு' என்று குறைத்துப் போட்ட ஒரு தொகையும் இருக்கும். பங்கு கொடுக்கவேண்டியவர் அந்தத் தொகையைக் காட்டினால் எதிரில் இருப்பவர் உஷாராக வேண்டும்.

பாகம் பிரிக்க வேண்டியது இரண்டாவது மதிப்பில். வீட்டை வைத்துக்கொள்பவர் அதை நாளைக்கே விற்றால் அவர் கைக்கு வரப்போவது அந்தத் தொகைதானே.

ஒரு கிரவுண்ட் வீடு, ஒரு கணக்கு

எண்கள் உதாரணத்துக்கு மட்டும். மனை ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 5,000 ரூபாய், அக்கம்பக்கத்தில் உண்மையில் போகும் விலை 9,000 என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளம் 1,000 சதுர அடி, கான்கிரீட் கட்டடம், வயது 40.

நிலம், சந்தை விலையில்: 2.16 கோடி.

கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,200 வீதம் 22 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 70 வருடம், இடித்தால் தேறுவது 10% என்று எடுத்து, மீதி 90%-ஐ 70 வருடத்துக்கும் சமமாகப் பரப்பினால், 40 வருடத்துக்கான தேய்மானம் 51.4%. மிஞ்சுவது சுமார் 10.7 லட்சம்.

இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சத்து 70 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு 75.5 லட்சம்.

இதையே வழிகாட்டி மதிப்பில் போட்டால் மொத்தம் 1.307 கோடி, ஒரு பங்கு 43.5 லட்சம். வித்தியாசம் ஒரு தங்கைக்கு 32 லட்சம். "கவர்மெண்ட் ரேட் படி பிரிச்சுக்கலாம், யாருக்கும் சண்டை வேண்டாம்" என்று ஒருவர் பெரிய மனதோடு சொல்வதுபோலத் தெரியும். இரண்டு தங்கைகளிடமிருந்தும் மொத்தம் 64 லட்சத்தை அண்ணன் பக்கம் தள்ளிவிடுகிற வாக்கியம் அது. பல வீடுகளில் சொல்பவருக்கே இது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கமான சிக்கல்: "மாடி நான் என் காசில் கட்டியது." நியாயமான வாதம்தான். ஆனால் அதற்காகக் கழிக்க வேண்டியது அன்றைக்கு அவர் செலவு செய்த தொகையை அல்ல, மாடியின் இன்றைய மதிப்பை. 15 வருடத்துக்கு முன் கட்டிய 600 சதுர அடி மாடி என்றால் இன்றைய கட்டுமானச் செலவு 13.2 லட்சம். தேய்மானம் போடும்போது மாடிக்குத் தனியாக 70 வருட ஆயுள் கொடுக்க முடியாது. கீழ்த்தளத்துக்கு இன்னும் 30 வருடம் என்றால் மாடிக்கும் அதே 30 தான். கீழே விழுந்தால் மேலே மட்டும் நிற்குமா? ஆக மாடியின் மொத்த ஆயுள் 45 வருடம், கழிந்தது 15, தேய்மானம் 30%, மிச்சம் 9.24 லட்சம். நிலம், தரைத்தளம், மாடி என மூன்றையும் தனித்தனி வரியாகப் போடச் சொன்னால் இந்தத் தொகையை மட்டும் எடுத்து அண்ணன் கணக்கில் வைத்துவிட்டு மீதியைப் பிரிக்கலாம்.

பத்திரச் செலவு கூடிவிடுமா?

சந்தை மதிப்பைப் பத்திரத்தில் எழுதினால் முத்திரைத் தீர்வை எகிறிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. கிரயப் பத்திரத்துக்கு அந்தப் பயம் சரி. அங்கே முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது), செட்டில்மென்ட் பத்திரங்களுக்குக் கணக்கு வேறு. தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%, இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை 10 முதல் தீர்வைக்கு வரம்பு 40,000 ரூபாய், முன்பு 25,000 ஆக இருந்தது. பதிவுக் கட்டணத்துக்கு வரம்பு 10,000, முன்பு 4,000.

அதாவது 40 லட்சத்தில் தீர்வை வரம்பைத் தொட்டுவிடும். நம் உதாரணத்தில் ஒரு பங்கு 43.5 லட்சம் என்று எழுதினாலும் அதே 40,000. 75.5 லட்சம் என்று எழுதினாலும் அதே 40,000. ஒரு பைசா மிச்சமில்லாத இடத்தில், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் குறைத்து எழுதுகிறோம். பின்னால் அந்தப் பத்திரத்தை வைத்து "நீயே இந்த விலைக்கு ஒத்துக்கொண்டாய்" என்று ஒருவர் பேசவும் வழி செய்கிறோம்.

மதிப்பீட்டாளர் வந்தால் என்ன பார்ப்பார்?

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்லிப்போவது மதிப்பீடு இல்லை. முதல் வேலை காகிதத்தில்: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது. இரண்டாவது வேலை டேப்போடு.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் பணம் இருக்கிறது. பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,280 என்று இருந்தால் வித்தியாசம் 120 சதுர அடி. 9,000 வீதம் 10.8 லட்சம். நாற்பது வருட வீட்டின் கட்டட மதிப்பே மொத்தம் அவ்வளவுதான். காம்பவுண்டுச் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டியதோ, தெரு விரிவாக்கத்தில் முன்பக்கம் போனதோ, பழைய சர்வே பிழையோ, காரணம் தெரிந்த பிறகுதான் எந்த அளவை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

அப்புறம் தளம். கட்டைக்குக் கட்டை செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட்டா? கான்கிரீட் என்றால் உள்கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா? குளியலறைக்கு வெளிச்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா? வயது ஒன்றாக இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு ஆயுள் ஒன்றாக இருக்காது.

ஆனால் மொத்த விலையை ஆட்டுவது தெரு. 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், எத்தனை மாடி கட்டலாம், எத்தனை குடியிருப்புகள் வைக்கலாம் என்பது தெருவின் அகலத்தையும் பொறுத்தது. அதனால் 40 அடித் தெருவில் உள்ள மனையை, அடுக்குமாடி கட்டி விற்கும் புரமோட்டர் கேட்பார், சந்துக்குள் இருக்கும் அதே அளவு மனையைக் கேட்க மாட்டார். தெருக்குத்து உள்ள மனை விலை குறைவாகப் போவதும் நடைமுறைதான். மதிப்பீட்டாளருக்கு வாஸ்துவில் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை, வாங்குபவருக்கு இருக்கிறதே.

பக்கத்து விற்பனைகளோடு ஒப்பிடுவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பதிவான பத்திரங்களில் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகைதான் இருக்கும், மீதி வேறு வழியில் கைமாறியிருக்கும். ஆக வில்லங்கச் சான்றில் உள்ள கிரயத் தொகையை மட்டும் வைத்து விலை போட்டால் சுற்றிச் சுற்றி வழிகாட்டி மதிப்புக்கே வந்து நிற்போம். வங்கிக் கடனோடு வாங்கப்பட்ட வீடுகளின் கிரயங்கள், வங்கி ஏல விலைகள், இரண்டு மூன்று உள்ளூர்த் தரகர்களின் பேச்சு என்று பலவற்றையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியான மதிப்பீட்டாளர்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வேலை எளிது. அதே கட்டடத்தில், அதே பகுதியில் சதுர அடி என்ன போகிறது என்று பார்த்தால் போதும். கட்டடம் பழையதாக இருந்தால் மட்டும், நிலத்தில் அந்தக் குடியிருப்புக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது விலை அந்தப் பங்குக்குத்தான்.

எந்தத் தேதி?

இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு விதித்த எஸ்டேட் வரி 1985-ல் ஒழிக்கப்பட்டது. அதனால் ஒருவர் இறந்த நாளில் வீட்டின் மதிப்பு என்ன என்று இங்கே எந்த அலுவலகமும் கேட்பதில்லை. நாமும் கேட்டுவைப்பதில்லை. பத்து வருடம் கழித்துப் பிரிக்கும்போது "அப்பா இறந்தப்போ இருந்த விலைக்குக் கொடு", "இன்னைக்கு விலைக்குக் கொடு" என்று இரண்டு கட்சி உருவாகிறது.

பேசித் தீர்ப்பதாக இருந்தால் பிரிக்கும் நாளின் விலையே நியாயம். இத்தனை வருடமும் எல்லோரும் கூட்டு உரிமையாளர்கள்தான், விலை ஏறியதிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நீதிமன்றத்துக்குப் போனால் வழி இப்படி:

1. முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை. அதில் 'மூன்றில் ஒரு பங்கு' என்று பின்னமாகத்தான் இருக்கும், ரூபாய் இருக்காது.

2. பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனு. நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை நியமிக்கும். அவர் இன்ஜினியரையும் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு வந்து அளப்பார். சமமாக வெட்ட முடியாத இடத்தில் கூடுதலாகப் பெறுபவர் குறைவாகப் பெறுபவருக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டும்படி அவர் அறிக்கை தரலாம்.

3. வெட்டவே முடியாத வீடு என்றால் 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வருகிறது. பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டால் விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது இன்னொரு பங்குதாரர் "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று மனு போட்டால், நீதிமன்றம் மதிப்பிட்டு அந்த விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும். அப்படி வாங்கக் கேட்ட நாளை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொல்லியிருக்கிறது. வழக்கு இழுக்க இழுக்க விலை மாறும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

4. ஒரு வாரிசு தன் பங்கை விற்கப் பார்த்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவின்படி மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் நீதிமன்றமே நிர்ணயிக்கும்.

கணவன் மனைவி பிரியும்போது

திருமணத்துக்குப் பின் வாங்கிய வீடு தானாகவே பாதிப்பாதி என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் போட்டது என்பதே முதல் கேள்வி. வீட்டுவேலையும் பங்களிப்புதான், அந்த உழைப்பால் சேர்ந்த சொத்தில் மனைவிக்கும் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டது. அசையாச் சொத்துகளையும் அதில் காட்ட வேண்டும். அங்கே ஒருவர் வழிகாட்டி மதிப்பைப் போட்டுவிட்டு நகர்ந்தால், மறு தரப்புக்கு முறையான மதிப்பீடுதான் பதில்.

கூட்டுப் பெயரில் கடனில் வாங்கிய ஃபிளாட்டில் பிரிக்க வேண்டியது வீட்டு விலையை அல்ல. விலை 90 லட்சம், பாக்கிக் கடன் 38 லட்சம் என்றால் பிரிக்க இருப்பது 52 லட்சம். ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவருக்கு 26 லட்சம், பாதிப்பாதி என்று ஒத்துக்கொண்டிருந்தால். கடனிலிருந்து ஒருவர் பெயரை எடுக்க வங்கி சம்மதிக்க வேண்டும், அது தனி வேலை. பத்திரத்தை எப்போது எழுதுவது என்பதையும் வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்பது நல்லது. தீர்ப்பு வந்த பிறகு சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி அல்ல, மேலே சொன்ன குடும்பச் சலுகை அப்போது கேள்விக்குள்ளாகும்.

வருமான வரிக்கு 2001

பரம்பரையாக வந்த வீட்டை விற்றால், அப்பா வாங்கிய விலையே உங்கள் அடக்கவிலை. அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் வரம்பு போட்டுவிட்டார்கள். ஆக இந்த ஓர் இடத்தில் பழைய வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

ஒருவர் பங்கின் 2001 மதிப்பு 10 லட்சம், விற்றது 75 லட்சம் என்று வைப்போம். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி லாபத்தில் நேராக 12.5% என்றால் வரி 8.12 லட்சம். பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20% என்ற பழைய வழியில், 2001-ஐ 100 என்று வைத்து 2025-26-க்கான குறியீட்டெண் 376 ஆதலால் அடக்கவிலை 37.6 லட்சமாகும், வரி 7.48 லட்சம். எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் இந்தத் தேர்வு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு 12.5% தான். பணம் வாங்கிக்கொண்டு எழுதும் விடுதலைப் பத்திரத்தையும் வரித்துறை விற்பனையாகப் பார்க்க வாய்ப்புண்டு, ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்தத் தங்கை அமெரிக்காவில் வரி கட்டுபவர் என்றால் அவருக்கு இன்னொரு தேதியும் வேண்டும். அமெரிக்க வரிச்சட்டம் பரம்பரைச் சொத்துக்கு அடக்கவிலையாகப் பார்ப்பது சொத்துக்காரர் இறந்த நாளின் சந்தை மதிப்பை. ஒரே வீட்டுக்கு இந்திய வரிக்கு 2001 ஏப்ரல் 1, அமெரிக்க வரிக்கு அப்பா இறந்த நாள், தங்கைக்கும் அண்ணனுக்கும் இடையே இன்றைய தேதி. மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே சொன்னால் மூன்று தேதிக்கும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் வாங்கிவிடலாம்.

யாரிடம், எப்படி எடுப்பது

செல்வ வரிச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யும் முறை இருந்தது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்ட பிறகும் அந்த மதிப்பீட்டாளர்கள் வருமான வரி வேலைக்குத் தொடர்ந்தார்கள். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகளின்படி 'நிலம், கட்டடம்' பிரிவில் பதிவுபெற்றவர்கள் இன்னொரு வகை. வங்கிப் பட்டியலில் இருப்பவர்கள் மூன்றாவது. பல நேரம் ஒரே ஆளே மூன்றிலும் இருப்பார். எந்த வேலைக்கு ரிப்போர்ட் என்று சொல்லிக் கேளுங்கள்.

1. மூன்று பேரும் சேர்ந்து ஒருவரை அமர்த்தி, கட்டணத்தையும் பகிர்ந்துகொள்வது நல்லது. அண்ணன் கூட்டிவந்த இன்ஜினியர் எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் 'அண்ணன் ஆள்' தான்.

2. வீட்டின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசாதீர்கள். விலை ஏற ஏற அவருக்கும் ஏறும்.

3. நோக்கம், மதிப்பீட்டுத் தேதி, பார்வையிட்ட தேதி மூன்றும் ரிப்போர்ட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

4. ஒருவருக்கு நம்பிக்கை இல்லை என்றால் இரண்டாவது ரிப்போர்ட் எடுக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் மொத்தத் தொகையை வைத்து வாதாடாமல், நில விலை, பரப்பு, கட்டட ஆயுள் என்று வரிவரியாக ஒப்பிட்டால் எந்த வரியில் பிரிகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நிலத்தின் சதுர அடி விலையாகத்தான் இருக்கும்.

5. அந்த விலைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட விற்பனைகளின் பட்டியலை, ஆவண எண்ணோடும் தேதியோடும், ரிப்போர்ட்டிலேயே இணைக்கச் சொல்லுங்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் மதிப்பீட்டாளரைக் கூண்டில் ஏற்றி எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.